கழுத்தில் தங்காத அயோடின்

பொட்டாசியம் பெர்குளோரேட்டை நான் முதன்முதலில் பார்த்தது எம்.எஸ்ஸி. ஆய்வகத்தில், ஒரு சோதனைக் குழாயின் அடியில். ஒரு கரைசலில் பொட்டாசியம் இருக்கிறதா என்று பார்க்க, அதில் சோடியம் பெர்குளோரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். சோடியம் உப்பு தண்ணீரில் தாராளமாகக் கரையும். காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். பொட்டாசியம் உப்பு அப்படியில்லை. குளிர்ந்த நீரில் கரைய மாட்டேன் என்று வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். ஈரம் பிடிக்காது என்பதால்தான் வாணவேடிக்கை செய்கிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஒரு குளோரினைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் இருந்தும், சும்மா இருக்கும்வரை சாது. நன்றாகச் சூடேறினால் அத்தனை ஆக்சிஜனையும் விட்டுவிடும்.

இதையெல்லாம் சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அந்த உப்பை என் அண்ணன் மகள் குடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை.

அண்ணனும் அண்ணியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அண்ணி எங்களுக்கு வெளியாள் இல்லை, தாய்மாமன் மகள். எங்கள் சபையில் அவ்வளவு நெருங்கின சொந்தத்துக்குள் மணம் முடிக்க ஆயரின் அனுமதி வேண்டும். பங்குச் சாமியாரைப் பிடித்து, அவர் எழுதி, அனுமதி வரும்வரை அண்ணன் சாப்பாடு இறங்காமல் அலைந்தான். அவன் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுவான். பெரிய குரல் இல்லை, ஆனால் சுத்தமான குரல். அண்ணி அந்தக் குரலுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லுவாள். "அத்தான் பூசையில பாடறப்போ எனக்கு ஜெபமே மறந்துபோகும்" என்பாள்.

பிள்ளை பிறந்ததும் அவன் ஆபீஸிலிருந்து வந்த கையோடு கைகால் கழுவிக்கொண்டு தூளி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். கோயில் பாட்டு, வானொலியில் கேட்ட பாட்டு, சொந்தமாக இட்டுக்கட்டிய அபத்தப் பாட்டு எல்லாம் பாடுவான். பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். "பாரு, எப்படிக் கேட்கிறா" என்பான் பெருமையாக. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அவளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது கிறிஸ்மஸ் வந்தது. சாயங்காலம் அண்ணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் எங்கள் வீட்டுக்கு மீன் போடுகிற அம்மாள் கேக் வாங்கிப்போக வந்தவள், பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் தெருவில் ஒரு ஆட்டம் பாமுக்குத் திரி கிள்ளிக் கொளுத்தினான். அது சாய்ந்து, உருண்டு, படிக்குக் கீழே வந்து வெடித்தது. அண்ணி வீறிட்டாள். அண்ணன் ஓடிவந்தான். பிள்ளை மட்டும் அம்மாவின் தோள்பக்கம் திரும்பியபடி விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு திடுக்கிடல்கூட இல்லை.

"பாத்தியா நைனா, கொயந்த பயப்படவே இல்ல. நல்லா தகிரியமாத்தான் கீது!" என்றாள் மீன்கார அம்மாள். நாங்கள் பெருமூச்சு விட்டுச் சிரித்தோம்.

சில மாதங்கள் கழித்து, கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று தெரிந்தது. தட்டைக் கீழே போட்டுப் பார்த்தோம், கதவை அறைந்து பார்த்தோம். மயிலாப்பூரில் ஒரு காது டாக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிறிஸ்மஸ் சாயங்காலத்து வெடிதான் காரணம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளை திடுக்கிடாததற்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி அவனை அத்தான் என்று கூப்பிடுவதை விட்டாள். சமைத்து மூடி வைப்பாள், அவனே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்தேன். இருவருக்கும் நடுவே பேச்சைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலையாகிப்போனது. இன்னொரு பிள்ளை பற்றி அண்ணன் ஒரு தடவை என் மூலம் கேட்டனுப்பினான். "இருக்கிறதைக் கெடுத்தது போதும்னு சொல்லு" என்றாள். அதை நான் அவனிடம் அப்படியே சொல்லவில்லை. ஆனால் அவன் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அவனும் தன்னை விட்டுவைக்கவில்லை. எந்த டாக்டரிடம் போனாலும், எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், உட்கார்ந்ததும் அவன் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எட்டு மாசத்துல பக்கத்துல வெடி வெடிச்சுது. நான்தான் கொளுத்தினேன்." சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற குரலில் சொல்லுவான். கேட்கிறவர்கள் பேனாவைத் திறப்பார்கள்.

பெண் நன்றாகவே வளர்ந்தாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குப் போனாள். அங்கே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் பழக்கினார்கள். கையால் பேசுவதைப் பிள்ளைகள் இடைவேளையில் தங்களுக்குள்ளேயே கற்றுக்கொண்டார்கள். அவள் வாயாடி. கையால் அத்தனை பேசுவாள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நாங்கள் பிரிந்துவிட்டால், எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டு, எந்தப் பாவாடை வேண்டும், என்ன விலை சொல்கிறான், அவன் முகத்தைப் பார்த்தால் ஏமாற்றுகிறவன் மாதிரி இருக்கிறது என்பதுவரை எனக்குச் சைகையில் சொல்லிவிடுவாள்.

மெட்ராஸ் சென்னையாகப் பெயர் மாறிய சமயத்தில் அவளுக்குக் கழுத்தின் முன்பக்கம் வீங்க ஆரம்பித்தது. முதலில் சட்டைக் கழுத்துப் பித்தான் போட முடியவில்லை. பிறகு எச்சில் விழுங்கும்போது அது ஏறி இறங்குவது வெளியே தெரிந்தது. கூடப் படிக்கிறவள் ஒருத்தி கழுத்தில் பந்து வைத்திருக்கிறாய் என்று கையால் காட்டிக் கேலி செய்தாளாம். அழுதுகொண்டே வந்து அண்ணியின் மடியில் விழுந்தாள்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். தைராய்டு டாக்டர் ஐம்பது வயது அம்மாள். அண்ணன் வழக்கம்போல வெடியில் ஆரம்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெண்ணின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "சொந்தத்துல கல்யாணமா?" என்றார்.

"மாமா பொண்ணு" என்றான் அண்ணன்.

அவர் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. "காது, கழுத்து ரெண்டும் ஒரே விஷயமா இருக்கலாம். ஒரு டெஸ்ட் இருக்கு. பெர்குளோரேட் டெஸ்ட். அதோட காது எலும்புக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துடலாம்" என்றார்.

எனக்குத் தெரிந்த பெயரை அங்கே கேட்டதில் தூக்கிவாரிப் போட்டது. நான் வேதியியல் டீச்சர் என்றதும் அவர் எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். தைராய்டு சுரப்பி ரத்தத்திலிருக்கும் அயோடினை உள்ளே இழுத்து, உடனே ஒரு புரதத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். பெர்குளோரேட்டும் அயோடைடும் ஏறக்குறைய ஒரே பருமன். இது வாசலில் போய் நின்றால் அயோடின் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே போனது கட்டுண்டு கிடந்தால் அப்படியே இருக்கும். கட்டப்படாமல் சும்மா கிடந்தால் கசிந்து வெளியே வந்துவிடும். வெளியே வந்தால் இந்த வியாதி. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறவர்களுக்கு இதையே மருந்தாகவும் கொடுப்பார்களாம். ஆனால் அதிக அளவில் நெடுநாள் கொடுத்துச் சிலருக்கு ரத்தமே ஊறாமல் போனதால் இப்போது யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரு வேளை கொடுப்பதில் பயமில்லை என்றார்.

சோதனை நாளன்று பெண்ணை வெறும் வயிற்றோடு கூட்டிப் போனோம். முதலில் கதிரியக்க அயோடின் கலந்த தண்ணீரைச் சின்னக் கோப்பையில் கொடுத்தார்கள். ஒரு ருசியும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு கருவியைக் கழுத்துக்கு நேரே வைத்து, சுரப்பிக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். நிறையப் போயிருந்தது.

அடுத்துப் பெர்குளோரேட். வெள்ளைப் பொடியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார் அங்கிருந்த ஊழியர். என் சோதனைக் குழாயில் செய்ததையே அங்கும் செய்தது. பாதி கரைந்தது, மீதி அடியில் வெள்ளையாக நின்றது. அவள் குடித்து முடித்த பிறகும் மிச்சம் தங்கியிருக்க, மறுபடி கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, உப்பா கீதா?" என்றார்.

அவள் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, என் பக்கம் திரும்பி, கையை அலைபோல் அசைத்து மூக்கைச் சுளித்தாள். கடல் தண்ணீராம்.

மறுபடி காத்திருப்பு. பெஞ்சில் அண்ணன் என் பக்கத்தில் இருந்தான். அண்ணி பெண்ணோடு எதிர் பெஞ்சில்.

"அது என்ன மருந்து?" என்று கேட்டான்.

சொன்னேன். எதற்கெல்லாம் பயன்படும் என்றும் டீச்சர் புத்தியில் சொல்லிக்கொண்டே போனேன். ராக்கெட், கப்பலில் கொளுத்தும் அபாய விளக்கு, மத்தாப்பு.

"பட்டாசுலயா?"

"சிலதுல போடுவாங்க. கலர் வர்ற ஐட்டத்துல."

"அதையே போய் இவளுக்குக் குடிக்கக் குடுத்திருக்காங்களே."

"உடம்புக்குள்ள அது ஒண்ணும் ஆகாதுண்ணா. எப்படிப் போச்சோ அப்படியே மூத்திரத்துல வெளிய வந்துடும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் தலையை ஆட்டினான். எதிரே அண்ணி எங்கள் பேச்சைக் கேட்டாளா என்று தெரியவில்லை. பெண்ணின் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கருவியை வைத்தபோது, கழுத்தில் முன்பு இருந்த அயோடினில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

ஸ்கேனும் வந்த பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பெண்ணை வெளியே நர்ஸிடம் விட்டிருந்தோம்.

"வெடி காரணமில்லை சார்" என்றார் எடுத்த எடுப்பில். "அம்மாகிட்டேர்ந்து ஒரு பழுது, அப்பாகிட்டேர்ந்து அதே பழுது. தனித்தனியா இருந்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தா இப்படி. வயித்துல இருக்கும்போதே உள்காது சரியா உருவாகல. நீங்க அன்னிக்கு வெடியே கொளுத்தலைன்னாலும் இவ இப்படித்தான் இருந்திருப்பா."

அண்ணன் அவரையே பார்த்தான். "அப்போ அவளுக்கு எப்ப காது போச்சு?"

"போகல சார். இருந்ததே இல்லைன்னுதான் நினைக்கிறேன். இந்த வியாதியில சில பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் இருந்து போறது உண்டு. இவ ஸ்கேனைப் பார்த்தா அப்படித் தோணல."

"முதல் எட்டு மாசம்?"

"கேட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி." அவர் நல்ல மனசுக்காரர். சிரித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே உங்களை நீங்களே குத்தம் சொல்லிக்க வேணாம். நிம்மதியாப் போங்க. கழுத்துக்கு மாத்திரை தரேன், வீக்கம் குறையும்."

அண்ணன் கைகூப்பி எழுந்தான். நானும் அவன் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து மாடிப்படி வரை நடந்தான். அங்கே, ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த படியில், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணா?"

"எட்டு மாசம் பாடினேனேடி" என்றான். "காதைக் கெடுத்துட்டேன், சரி. ஆனா அதுக்கு முன்னாடி எட்டு மாசம் என் குரலைக் கேட்டிருக்கா, அது எங்கயோ அவளுக்குள்ள இருக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அதுவும் இல்லையாமே."

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இது எனக்குத் தெரியாது. காது கேளாது என்று தெரிந்த பிறகும் நாலு வயது வரை அவள் முகத்தருகே குனிந்து அவன் ஏன் பாடினான், அதற்குப் பிறகும் ஏன் எப்போதும் சத்தமாகப் பேசினான், நாங்கள் எல்லோரும் தட்டுத் தடுமாறியாவது கையால் பேசப் பழகிய பிறகும் அவன் மட்டும் ஏன் பழகவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கேட்டு மறந்த ஒன்று என்றைக்காவது அவளுக்குள் அசையும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அண்ணி பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் அழுவதைப் பார்த்தாள். ஏறி வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் குனிந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"அத்தான், எழுந்திருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

அந்தச் சொல்லைக் கேட்க அவன் எவ்வளவோ ஏங்கியிருப்பான். அன்றைக்கு அது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எழுந்து, அவள் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்கப் போனான்.

மறுநாள் காலையில் அண்ணி அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டே என்னிடம் பேசினாள். அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"வெடியாவே இருந்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"வெடின்னா அது தெருவுலேர்ந்து வந்தது. ஒருத்தர் மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன், அதுலயே நாள் ஓடிச்சு. இப்ப யார் மேல கோவப்பட? நான் ஆசைப்பட்டு அவரைக் கட்டினேன். அதுதான் காரணங்கறாங்க. அதுக்கு யார்கிட்ட போய்ச் சண்டை போடறது?" அரிசித் தண்ணீரை வடித்தாள். "இன்னொரு பிள்ளை கேட்டார் இல்ல? நல்லபடியாவே பொறந்திருக்கலாம். இல்ல, இவளை மாதிரியே பொறந்திருந்தாலும்தான் என்ன, இவளுக்கு ஒரு துணை ஆகியிருக்கும். எல்லாத்தையும் நானே மூடிட்டேன்."

நான் அரிசியை வாங்கி உலையில் போட்டேன்.

அன்றிலிருந்து அண்ணி அவனுக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். அத்தான் என்று கூப்பிட்டாள். நேரடியாகப் பேசினாள், என் வேலை போயிற்று. அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், மரியாதையாக, வெளியாளுக்குச் சொல்வதுபோல. இத்தனை காலம் அவன் மேல் அவளுக்கிருந்த கோபம் தெரிந்த கோபம். அவனுக்கு இப்போது வந்தது கோபமே இல்லை. அவன் எங்கோ போய்விட்டிருந்தான். வாசலில் நின்று கூப்பிடுகிறவளைப்போல அண்ணி தினமும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலில் பாடுவதை விட்டான். பாடகர் குழுத் தலைவர் வீடு தேடி வந்தார். "தொண்டை சரியில்ல சார்" என்றான். மாதக்கணக்கில் தொண்டை சரியில்லாமல் இருந்ததும் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். பூசைக்கு வருவான், பின்வரிசையில் நிற்பான், மற்றவர்கள் பாடும்போது வாயைத் திறக்க மாட்டான்.

பெண்ணுக்கு மாத்திரை கேட்டது. கழுத்து வீக்கம் மெல்ல வற்றி, ஒரு சங்கிலி போட்டால் தெரியாத அளவுக்கு வந்தது. பத்தாவது முடித்துவிட்டு, தி. நகரில் ஒரு டி.டி.பி. கடையில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொள்ளப் போனாள். கல்யாணப் பத்திரிகைகளில் பிழை திருத்துவதில் கெட்டிக்காரி என்று முதலாளி சொன்னார்.

அந்த நாட்களில் ஒருநாள் அண்ணன் அவளிடம் போய், தனக்கும் கையால் பேசச் சொல்லிக்கொடு என்று எழுதிக் காட்டினான். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அவனை விடவே இல்லை. சாப்பாடு, பஸ், மழை, நாளைக்கு, கோபம். கணக்கு எழுதிய விரல்கள் மடங்காமல் முரண்டு பிடித்தன. அவள் அவன் கையைப் பிடித்து மடக்கி விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தோம். குப்பத்துப் பக்கம் கரையேற்றியிருந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்தோம். அண்ணி சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டு, பெண்ணைத் தொட்டுத் திருப்பி, ஒவ்வொரு சைகையாகத் தேடித் தேடி, முதல்தடவையாக ஒரு முழுக் கேள்வி கேட்டான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, என்னைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

அவள் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாள். அப்புறம் சொன்னாள், கையால்; எனக்கும் புரிந்தது. உங்கள் முகம் ரொம்பக் கிட்டே வரும். வாய் திறக்கும், மூடும், திறக்கும், மூடும். நிறைய நேரம். மீசை ஆடும். எனக்குச் சிரிப்பு வரும்.

சொல்லிவிட்டு அவளே கேட்டாள். அவ்வளவு நேரம் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?

அவன் கைகள் மேலே வந்தன. எதையோ தேடின. பாட்டு என்பதற்கு அவள் அவனுக்கு இன்னும் சைகை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என்னைப் பார்த்தான், எனக்கும் தெரியாது. அண்ணி முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அவன் கைகளை முழங்கால் மேல் இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினான். பெண் தோளைக் குலுக்கிவிட்டு, சுண்டல் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள்.